வீட்டுக்கடன் முகவர் எழுத வேண்டுவது யாது?

சொந்த வீடு வேண்டும் என்னும் விருப்பம் எல்லார்க்கும் உரியது. எனினும், பிழைப்பை நாடி வேற்று மாநிலத்திற் குடியேறியவர்க்கு அவ்விருப்பத்தோடு, ஊன்றி நிற்க ஓரிடம் வேண்டும் என்னும் கவலையும் சேர்ந்துகொள்கிறது. மும்பையில் மாதுங்காவிலும் தாராவியிலும், தில்லியில் கரோல்பாக்கிலும், பெங்களூரில் அல்சூரிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் தமிழர்களுள் பலர், வாடகை வீட்டினின்றும் சொந்த வீட்டிற்குப் பெயர்வதற்கு இன்று வீட்டுக்கடனையே நம்பியிருக்கின்றனர். அக்கடனுக்கு விண்ணப்பம் திரட்டி வங்கியிற் சேர்ப்பிக்கும் முகவர்களும், அதுபற்றி அறிவுரை கூறும் ஆலோசகர்களும் நகரந்தோறும் பெருகியுள்ளனர். அவர்களுள் தமிழர்களும் உண்டு. அத்தொழிலில் உள்ளவர் தமக்கு வாடிக்கையாளரைத் தேடிக்கொள்ள எழுத்தை எவ்வாறு பயன்படுத்தலாம் என்பதை இங்கே ஆராய்வோம். கடன் வாங்கக் கருதும் அன்பர்களும் இதனைச் செவிமடுப்பது நன்று. நல்ல எழுத்து இன்னதென்று அறிந்தவர்க்கே பொல்லாத எழுத்தினின்றும் தம்மைக் காத்துக்கொள்ளல் இயலும்.

முதற்கண் இத்தொழிலின் தன்மையைத் தெளிவாக்கிக் கொள்வோம். வீட்டுக்கடன் முகவர் கடன் கொடுப்பவர் அல்லர். பெரும்பாலும் அவருக்குத் தரகு தருவது வங்கி. கடன் தொகையில் இத்தனை விழுக்காடு என்று அது கணக்கிடப்பெறும். கடனுக்கு அனுமதி வழங்கும் முடிவை வங்கி வெளியார் எவரிடமும் ஒப்படைத்தலாகாது என்பது ரிசர்வ் வங்கி வகுத்துள்ள நெறி. ஆகவே, "கடன் நிச்சயம் கிடைக்கும்" என்று எழுதும் முகவர், தம் கையில் இல்லாத ஒன்றைத் தருவதாக வாக்களிக்கிறார். "மிகக் குறைந்த வட்டி" என்று எழுதுபவர், எந்த நாளில், எந்த வங்கியோடு ஒப்பிட்டு என்று கூறுவதில்லை. "உங்கள் கனவு இல்லம் நனவாகும்" என்று எழுதுபவரோ ஒன்றும் கூறவேயில்லை. இத்தகைய வாசகங்கள் சுவரொட்டியிலும் துண்டறிக்கையிலும் நாள்தோறும் நம் கண்ணிற் படுகின்றன. படித்த கணத்திலேயே மறந்தும் போகின்றன.

வீட்டுக்கடன் என்பது மனிதர் வாழ்நாளில் ஒருமுறை, மிஞ்சினால் இருமுறை வாங்குவது. அரிசியும் துணியும் விற்பவர்க்கு அதே வாடிக்கையாளர் மறுமாதம் வருவார். வீட்டுக்கடன் முகவருக்கு அவர் வாரார். ஆனால் அவருடைய மைத்துனர் வருவார், அலுவலக நண்பர் வருவார், எதிர்வீட்டார் வருவார். வேற்று மாநிலத் தமிழரிடையே ஒரு குடும்பத்தின் அனுபவம் கோயிலிலும் தமிழ்ச் சங்கத்திலும் விரைவாகப் பரவும். எனவே முகவருடைய பிழைப்பு முழுவதும் நம்பிக்கை ஒன்றையே சார்ந்தது. அந்நம்பிக்கையை ஊட்டும் எழுத்து எத்தகையது? கணக்கைத் தாமே போட்டுப் பார்க்கும் வழியைப் படிப்பவர்க்குக் கற்பிக்கும் எழுத்தே அது என்பது நம் கருத்து. கணக்கை மறைக்கும் எழுத்து ஒருவரைக் கொணர்ந்து சேர்க்கலாம். அவர் வழியாக மற்றொருவரைக் கொணராது.

என்ன எழுதுவது என்று திகைப்போர்க்கு நாம் கூறுவது இது: கடன் வாங்க வருபவர் கேட்கும் கேள்விகளையும், கேட்கத் தயங்கி விழுங்கிவிடும் கேள்விகளையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். ஒரு கேள்விக்கு ஒரு கட்டுரை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓராண்டிற்குப் பன்னிரண்டு கேள்விகள் போதும். எடுத்துக்காட்டாகச் சில கேள்விகளைக் காண்போம்.

பலர் மனத்திலுள்ள முதற் கேள்வி, "வீட்டை அடமானம் வைக்கிறோமே, வீடு நம்முடையதுதானா?" என்பது. தமிழ் நாட்டுச் சிற்றூர்களில் போக்கியம், ஒற்றி என்னும் வழக்குகளைக் கண்டு வளர்ந்தவர்க்கு அடமானம் என்ற சொல்லே அச்சத்தைத் தரும். போக்கியத்தில் நிலமோ வீடோ கடன் கொடுத்தவர் கைக்குப் போய்விடும். அதன் பயனை அவரே துய்ப்பார். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 58-ஆம் பிரிவில் அடமானத்தை ஆறு வகையாகப் பிரிக்கிறது. போக்கியம் அவற்றுள் ஒன்று. உரிமைப் பத்திரங்களை ஒப்படைத்து ஏற்படுத்தும் அடமானம் மற்றொன்று. வங்கிகள் வீட்டுக்கடனுக்குப் பெரும்பாலும் கைக்கொள்வது இப்பிற்கூறிய வகையையே. இதில் வீடு வாங்கியவர் வீட்டிலேயே குடியிருப்பார். வாடகைக்கு விட்டால் வாடகையும் அவருக்கே உரியது. பத்திரங்கள் மட்டும் கடன் தீரும்வரை வங்கியில் இருக்கும். இவ்வகை அடமானத்தைக் கல்கத்தா, சென்னை, பம்பாய் ஆகிய நகரங்களிலும், அரசு அறிவிக்கும் பிற நகரங்களிலும் செய்யலாம் என்று சட்டம் கூறுகிறது. பத்திரம் ஒப்படைக்கும் இடமே இங்கு முக்கியம். வீடு வேறோர் ஊரில் இருக்கலாம். மும்பையில் வேலை பார்ப்பவர் தஞ்சையில் வாங்கும் வீட்டிற்கு மும்பையிலேயே பத்திரத்தை ஒப்படைக்க இயல்வது இதனால்தான். இவ்வளவையும் ஒரு பக்கத்தில் எளிய தமிழில் எழுதிக் கொடுத்தால், படித்தவருடைய அச்சத்திற் பாதி நீங்கும்.

இரண்டாவது கேள்வி, "கையில் எவ்வளவு பணம் வேண்டும்?" என்பது. வீட்டு மதிப்பில் வங்கி எத்தனை பங்கு கடன் தரலாம் என்பதற்கு ரிசர்வ் வங்கி வரம்பு விதித்துள்ளது. கடன் 30 லட்சம் ரூபாய் வரையாயின் மதிப்பில் 90 விழுக்காடு வரையும், 30 லட்சத்திற்கு மேல் 75 லட்சம் வரை 80 விழுக்காடு வரையும், அதற்கும் மேற்பட்டால் 75 விழுக்காடு வரையும் தரலாம். 40 லட்சம் ரூபாய் வீட்டிற்கு மிகுதியாகப் போனால் 32 லட்சமே கடனாகக் கிடைக்கும்; எஞ்சிய 8 லட்சம் வாங்குபவர் கையிலிருந்து வரவேண்டும். அம்மட்டோடும் முடிவதில்லை. முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் ஆகியவை பொதுவாக இம்மதிப்பிற் சேரா. அவற்றையும் கைப்பணத்திலிருந்தே கட்ட வேண்டும். இதனை முன்னரே அறியாதவர் முன்பணம் கொடுத்து ஒப்பந்தம் செய்துகொண்ட பிறகு, நகையை விற்கவும் மிகு வட்டிக்குக் கைம்மாற்று வாங்கவும் நேரிடுகிறது. முகவருடைய கட்டுரை இந்த ஒரு கணக்கை முன்கூட்டிச் சொல்லிவிடுமாயின் ஒரு குடும்பத்தின் சேமிப்பைக் காத்ததாகும்.

மூன்றாவது கேள்வி மாதத் தவணையைப் பற்றியது. இ.எம்.ஐ. என்று எல்லாரும் வழங்கும் அத்தவணை எவ்வாறு அமைந்துள்ளது என்பதை எண்களால் காட்டல் வேண்டும். 30 லட்சம் ரூபாய் கடன், ஆண்டு வட்டி 8.5 விழுக்காடு, காலம் 20 ஆண்டு என்று கொள்வோம். மாதத் தவணை ஏறத்தாழ 26,035 ரூபாய். முதல் மாதத் தவணையில் வட்டிக்குப் போவது 21,250 ரூபாய். அசலுக்குப் போவது 4,785 ரூபாயே. இருபது ஆண்டுகளில் கட்டும் மொத்தத் தொகை 62 லட்சத்து 48 ஆயிரம். அஃதாவது வாங்கிய தொகையை விட மிகுதியாகவே வட்டி கட்டப்பெறுகிறது. இதே கடனை 15 ஆண்டில் அடைப்பதாயின் தவணை ஏறத்தாழ 29,542 ரூபாய். மொத்தம் 53 லட்சத்து 18 ஆயிரம். மாதம் சுமார் 3,500 ரூபாய் கூடுதலாகக் கட்ட இயன்றால் முடிவில் 9 லட்சத்துக்கு மேல் மிச்சமாகும். இயலாதவர்க்கு 20 ஆண்டே தக்கது. பிள்ளைகளின் பள்ளிச் சம்பளத்தைக் குறைத்துத் தவணையைக் கூட்டச் சொல்வது அறிவுரையாகாது. எது தக்கது என்பதைப் படிப்பவரே முடிவு செய்யட்டும். இரண்டு கணக்கையும் அருகருகே வைப்பதுதான் எழுதுபவரின் கடமை.

நான்காவது கேள்வியை மிகச் சிலரே கேட்கின்றனர். ஆயினும் மிகுந்த துன்பம் விளைவிப்பது அதுவே. "வட்டி ஏறினால் என்ன ஆகும்?" என்பது அக்கேள்வி. இன்று வங்கிகள் தரும் வீட்டுக்கடன்களிற் பெரும்பாலானவை மாறும் வட்டியை உடையவை. 2019-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளிலிருந்து வங்கிகள் புதிதாகத் தரும் மாறும் வட்டி வீட்டுக்கடன்களை ரெப்போ விகிதம் முதலான வெளி அளவுகோல் ஒன்றோடு இணைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்தது. அளவுகோல் ஏறினால் கடன் வட்டியும் ஏறும், இறங்கினால் இறங்கும். வீட்டுவசதி நிதி நிறுவனங்களுக்கு இவ்விதி பொருந்தாது. அவை தம்முடைய சொந்த அளவுகோலைக் கொண்டே வட்டியை மாற்றுகின்றன. கடன் எங்கே வாங்குகிறோம் என்பதைப் பொறுத்து இவ்வேறுபாடு நேர்வதை எழுதுபவர் விளங்கவைத்தல் வேண்டும்.

மேற்கூறிய கணக்கில் வட்டி தொடக்கத்திலேயே 8.5-இலிருந்து 9.5 ஆக உயர்ந்ததென்றும், தவணைத் தொகை அப்படியே நின்றதென்றும் வைத்துக்கொள்வோம். 240 தவணையில் முடிய வேண்டிய கடன் 309 தவணை வரை நீளும். இருபது ஆண்டு இருபத்தைந்தே முக்கால் ஆண்டாகிறது. தவணைத் தொகை மாறாததால் வீட்டார் எவரும் இதனை உணர்வதில்லை. ஓய்வுபெறும் வயது நெருங்கும்போதுதான் கடன் இன்னும் தீரவில்லை என்பது தெரியவருகிறது. இதனைத் தடுக்கும் பொருட்டு, வட்டி மாறும்போது தவணைத் தொகையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கலந்து செய்வதா என்று தேர்ந்துகொள்ளும் வாய்ப்பைக் கடன் வாங்கியவர்க்கு அளித்தல் வேண்டும் என்று 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. எஞ்சிய தவணைகள் எத்தனை என்பதைக் காட்டும் கணக்கை மூன்று மாதத்திற்கு ஒருமுறை வழங்க வேண்டும் என்பதும் அவ்வாணையிற் கூறப்பட்டுள்ளது. இத்தகைய உரிமை தமக்கு உண்டென்பதை அறியாதவர் பலர். அதனை எடுத்துக் கூறும் கட்டுரையை அவர்கள் கத்தரித்துப் பெட்டியில் வைத்துக்கொள்வார்கள்.

இனி மொழியைப் பற்றிச் சில சொல்ல வேண்டும். மொழிபெயர்ப்பு அலுவலில் உழலும் நமக்கு இதில் தனிப்பட்ட அக்கறை உண்டு. வேற்று மாநிலத் தமிழர் வீடு வாங்கும்போது இரண்டு மொழித் தடைகளைக் கடக்க வேண்டியிருக்கிறது. கடன் பத்திரம் ஆங்கிலத்தில் இருக்கும். நிலத்தின் ஆவணம் அம்மாநில மொழியில் இருக்கும். பட்டாவும் வில்லங்கச் சான்றும் பார்த்துப் பழகியவர் பெங்களூரில் கத்தா என்ற சொல்லைக் கேட்டதும் அதுவே பட்டா என்று எண்ணிவிடுகிறார். கத்தா என்பது உள்ளாட்சி மன்றத்தின் சொத்துவரிப் பதிவு. அதுவே உரிமைப் பத்திரம் ஆகாது. மகாராட்டிரத்தில் சாத்-பாரா, அஃதாவது ஏழு-பன்னிரண்டு, என்று வழங்குவது நிலப் பதிவேட்டின் படி. அங்குக் கூட்டுறவு வீட்டுச் சங்கத்தின் அடுக்ககத்தில் வீடு வாங்குபவர், விற்பனைப் பத்திரத்தோடு சங்கத்தின் பங்குச் சான்றிதழையும் கேட்டுப் பெறல் வேண்டும். தில்லியில் ஒரு வீடு முற்றுரிமை உடையதா, குத்தகை உரிமை உடையதா என்பது முதலில் அறிய வேண்டுவது. பொது அதிகாரப் பத்திரத்தின் வாயிலாக வீடு கைமாறும் வழக்கம் தில்லியிற் பரவியிருந்தது. அவ்வகை விற்பனை சொத்தின் உரிமையை மாற்றாது என்று 2011-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தகைய வீட்டை மலிவென்று கருதி முன்பணம் கொடுப்பவரை எச்சரிப்பது தமிழ் அறிந்த முகவரின் பணி.

ஆகவே அவர் எழுதும்போது உள்ளூர்ச் சொல்லை முதலில் அப்படியே எழுதி, அடுத்த வாக்கியத்தில் அதன் பொருளை விளக்கி, தமிழ் நாட்டு வழக்கில் அதற்கு நிகரானது உண்டா இல்லையா என்பதையும் கூறுதல் நன்று. நிகரில்லாத இடத்தில் நிகர் காட்ட முயல்வது தவறான எண்ணத்தை ஊட்டும். அவ்வாறே, மக்கள் நாவில் வழங்கும் இ.எம்.ஐ., ரெப்போ முதலிய சொற்களை விலக்கிப் புதுச்சொற்களைப் படைத்து இட வேண்டியதில்லை. வங்கிக்குச் சென்று கேட்கும்போது அவர் பயன்படுத்த வேண்டிய சொல் எதுவோ அதுவே கட்டுரையிலும் இருத்தல் வேண்டும்.

மொழியைப் பற்றி ரிசர்வ் வங்கியே ஒரு நல்ல விதியைச் செய்துள்ளது. 2024-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளிலிருந்து, தனிமனிதர்க்குப் புதிதாகத் தரும் கடன்களுக்கு முக்கிய விவர அறிக்கை ஒன்றை முன்னதாகவே வழங்குதல் வேண்டும். வட்டியோடு பரிசீலனைக் கட்டணம், காப்பீடு, சட்டச் செலவு முதலியவற்றையும் சேர்த்துக் கணக்கிட்ட ஆண்டு விகிதமும், தவணை அட்டவணையும் அதில் இருக்க வேண்டும். கடன் வாங்குபவர்க்குப் புரியும் மொழியில் அவ்வறிக்கை எழுதப்பெற வேண்டும். அதன் பொருளை அவருக்கு விளக்கியும் கூற வேண்டும். படித்துப் பார்த்து முடிவு செய்ய அவருக்குக் குறைந்தது மூன்று வேலை நாட்கள் உண்டு. "எமக்குப் புரியும் மொழியில் தாருங்கள்" என்று கேட்பது சலுகையன்று; விதியின்படி உரிமை. அவ்வறிக்கையை வரிவரியாக எடுத்து விளக்கும் கட்டுரைத் தொடர் ஒன்றை எழுதும் முகவர், வேறு விளம்பரம் செய்யவேண்டிய தேவையே இராது.

இங்கே ஓர் ஐயம் எழலாம். இவற்றையெல்லாம் சொல்லிவிட்டால் கடன் வாங்க வருபவர் பின்வாங்கமாட்டாரா? தரகு குறையாதா? சிலர் பின்வாங்கலாம், சிலர் குறைந்த தொகைக்கு விண்ணப்பிக்கலாம். ஆயினும் முகவருடைய ஆதாயத்திற்கு மாறான செய்தியை அவரே எழுதும்போதுதான், அவர் எழுதும் பிற செய்திகளையும் மக்கள் நம்பத் தலைப்படுகின்றனர். அத்தகைய செய்திகள் சிலவற்றைக் குறிப்போம்.

மாறும் வட்டியில் தனிமனிதர் பெற்ற வீட்டுக்கடனை முன்கூட்டி அடைப்பவரிடம் வங்கி அதற்கென்று தனிக்கட்டணம் வாங்கலாகாது என 2012-ஆம் ஆண்டில் ரிசர்வ் வங்கி விதித்தது. நாம் மேலே எடுத்துக்கொண்ட கடனில், 8.5 விழுக்காட்டு வட்டியிலேயே ஓராண்டுத் தவணைகளைக் கட்டியபின், ஒரு லட்சம் ரூபாயை அசலுக்கென்று செலுத்தினால், எஞ்சியுள்ள 228 தவணைகள் 210 ஆகக் குறையும். ஒன்றரை ஆண்டு மிச்சமாகும். போனசு வந்த மாதத்தில் இதனை நினைவூட்டும் சிறு குறிப்பால் முகவர்க்குக் காசு எதுவும் வாராது. ஆனால் அக்குடும்பம் அவரை மறவாது.

தவணை தவறினால் என்ன நேரும் என்பதை முகவர் எவரும் எழுதக் காணோம். அதனையும் எழுத வேண்டும். தவணை 90 நாட்களுக்கு மேல் நிலுவையில் நின்றால் கடன் வாராக்கடன் என்று வகைப்படுத்தப்படும். அதன்பின் 2002-ஆம் ஆண்டின் சட்டப்படி, 60 நாட்களுக்குள் செலுத்துமாறு வங்கி அறிவிப்பு அனுப்பலாம். செலுத்தாவிடில் நீதிமன்ற வழக்கின்றியே வீட்டைக் கைக்கொள்ளும் நடவடிக்கையைத் தொடங்கலாம். வேலை போய்விட்டது, நோய் வந்துவிட்டது என்னும் நிலையில் வெட்கத்தால் வங்கிக் கடிதத்தைப் பிரிக்காமல் வைத்துவிடும் குடும்பங்கள் உண்டு. முதல் தவணை தவறியதுமே வங்கி அதிகாரியைக் கண்டு நிலைமையைச் சொல்லி வழி கேட்பவர்க்கு வாய்ப்புகள் மிகுதி. அறிவிப்பு வந்தபின் கேட்பவர்க்கு அவை குறைவு. இதனை அமைதியான சொற்களில், அச்சுறுத்தாமல் எழுதுதல் வேண்டும்.

கடன் தீர்ந்தபின் பத்திரம் திரும்பி வருவதும் பலர்க்குப் பெரிய கவலை. எல்லாத் தொகையும் செலுத்திய 30 நாட்களுக்குள் மூலப் பத்திரங்களை வங்கி திருப்பித் தரவேண்டும். தன் தவற்றால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தரவேண்டும். 2023-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் இவ்விதி நடைமுறையில் உள்ளது. தில்லியில் வாழ்ந்துகொண்டு மதுரை வீட்டிற்குக் கடன் பெற்றவர், பத்திரம் எந்த ஊரில் எந்தக் கிளையில் கிடைக்கும் என்பதைக் கடன் அனுமதிக் கடிதத்திலேயே பார்த்துக்கொள்ளல் வேண்டும். அச்செய்தி அதில் இடம்பெற வேண்டும் என்பதும் விதியே.

எழுதும் முறை குறித்தும் சிலவற்றைத் தொகுத்துக் கூறுவோம். கட்டுரையின் தலைப்பு, படிப்பவர் மனத்திலுள்ள கேள்வியாகவே இருக்கட்டும். முதற் பத்தியிலேயே அதற்கு விடையைச் சொல்லிவிட்டுப் பின்னர்க் காரணத்தை விளக்குங்கள். வட்டி விகிதத்தை எழுதும்போது அது எந்த நாளைய நிலை என்பதைத் தவறாது குறியுங்கள். பழைய விகிதம் அச்சில் நிலைத்து நின்று பின்னால் படிப்பவரை ஏமாற்றிவிடும். விதி மாறினால் பழைய கட்டுரையைத் திருத்தி, திருத்திய நாளையும் குறியுங்கள். ஒருவருடைய கடன் அனுபவத்தை எடுத்துக்காட்டாக எழுதுவதாயின் அவருடைய இசைவைப் பெறுங்கள். இசைந்தாலும் பெயரும் ஊதியமும் வேண்டா. உங்களுக்குத் தரகு தருபவர் யார் என்பதைக் கட்டுரையின் அடியில் ஒரு வரியில் எழுதுங்கள். அவ்வரியைக் கண்டு வாசகர் விலகிப்போக மாட்டார். மறைத்ததைப் பிறர் வாயிலாகக் கேட்டால்தான் விலகிப்போவார்.

எழுதியதை எங்கே வெளியிடுவது என்பதும் எண்ணத்தக்கது. தமிழ்ச் சங்க ஆண்டு மலரில் முழுப்பக்க விளம்பரம் கொடுப்பதைவிட, அதே பக்கத்தில் தவணைக் கணக்கு ஒன்றை விளக்கி எழுதினால் மலரை வாங்கியவர் பாதுகாப்பார். அடுக்கக மன்றத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டும் ஒரு தாளுக்கும், கைத்தொலைபேசியில் ஒருவர்க்கொருவர் அனுப்பிக்கொள்ளும் ஒரு குறிப்புக்கும் இஃது ஒக்கும். பெயரும் முகவரியும் கடைசி வரியில் இருந்தால் போதும். மாதம் ஒன்று என்று விடாமல் எழுதுவது, ஒரே வாரத்தில் பத்து எழுதி ஓய்ந்துவிடுவதினும் சிறந்தது. ஏனெனில் வீடு வாங்கும் எண்ணம் ஒருவர்க்கு எந்த மாதத்தில் தோன்றும் என்பதை எவரும் அறியார்.

அச்சுக்குக் கொடுக்குமுன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. வீட்டுக்கடனைப் பற்றி ஒன்றும் அறியாத ஒருவரிடம், உங்கள் இல்லத்துப் பெரியவரிடமோ கல்லூரியிற் படிக்கும் தம்பியிடமோ, கட்டுரையைக் கொடுங்கள். படித்து முடித்ததும் ஒரு தாளையும் எழுதுகோலையும் நீட்டி, வேறொரு தொகைக்கு அதே கணக்கைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அவர் போட்டுவிட்டால் கட்டுரை தேறிவிட்டது. எங்கே தடுமாறினாரோ அந்த இடத்தை மீண்டும் எழுதுங்கள். கடன் பத்திரத்திற் கையெழுத்திடும் நம்மவர் ஒருவர், இருபது ஆண்டு உழைப்பின் பெரும்பகுதியை அக்கையெழுத்தால் ஈடு வைக்கிறார். அவர் எதற்குக் கையெழுத்திடுகிறார் என்பதை அறிந்து கையெழுத்திடுமாறு செய்யும் எழுத்தை எழுதுங்கள். வாடிக்கையாளர் தாமே உங்கள் வாயிலுக்கு வந்து சேர்வார்.